சட்டி மாறிய மரம்

அந்த வருஷம் கச்சான் காற்று கிளம்பிய நாளிலிருந்து ஐப்பசி மழை இறங்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் ஒரு மரம். மரம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியையும் அதையும் பக்கத்தில் வைத்தால் சட்டிதான் கொஞ்சம் உயரமாகத் தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையின் ஊவா மலையில், ஹாலிஎலைக்கு மேலே இருந்தது. துரையின் பங்களா வராந்தாவில், இரும்புக் கால் வைத்த ஒரு முக்காலியின் மேல் அந்த மரம் நின்றது. ஜப்பான் தேசத்திலிருந்து கப்பலில் வந்ததாம். சவுக்கு இலை மாதிரி இலை, கிழவன் முதுகு மாதிரி வளைந்த அடிமரம். அதற்குத் துரையைவிட வயது அதிகம் என்று சொன்னபோது லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சோறு போடாம வளத்திருப்பாங்க" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். அப்போது என்னால் அதைப் பற்றிச் சிரிக்க முடிந்தது.

அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை என் கணவருடையது. அவர் பங்களாத் தோட்டக்காரர். முன்பு எல்லோரையும்போல மலையில்தான் வேலை செய்தார். கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கும்போது சறுக்கி விழுந்து இடது கால் முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. சமதரையில் சமாளித்துக்கொள்வார். ஏற்றத்தில் பத்தடி ஏறினால் முகம் வெளுத்துவிடும். பழைய தோட்டக்காரர் ஊருக்குக் கப்பல் ஏறிய சமயம் பார்த்து இவருக்கு அந்த இடம் கிடைத்தது. துரைக்கு இவர் கால் விஷயம் தெரியாது. துரை வரும்போதெல்லாம் இவர் எங்கேயாவது குனிந்து நின்று களை பிடுங்கிக்கொண்டிருப்பார். துரை போகும்வரை ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார்.

கால் விஷயம் தெரிந்தவர் கங்காணி. அவருக்கு ஒரு மச்சான் இருந்தான். வெயில் பட்டால் தலை சுற்றும் என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள். பங்களா வேலை அவனுக்கு என்று கங்காணி மனசுக்குள் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். என் கணவரை மறுபடி மலைக்கு அனுப்பினால் பாதி வேலைகூட முடிக்கமாட்டார். முடிக்காத ஆளைக் கங்காணி எத்தனை நாள் வைத்திருப்பார்? ஊருக்குப் போ என்பார். ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது? திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். அங்கே இருந்தவர்கள் காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குத் தொட்டிலில் ஒன்று, வயிற்றில் ஒன்று. பங்களா வேலை போனால் நாங்கள் போய் நிற்க ஒரு வாசல்படி கிடையாது.

துரை லீவில் சீமைக்குப் போனார். போவதற்கு முன்னால் என் கணவரைக் கூப்பிட்டு ஒரு நீல நிறச் சட்டியைக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆழமில்லாத சட்டி, அடியில் துளைகள். மரத்தின் வேர் பழைய சட்டியில் நிறைந்துவிட்டது, அதை எடுத்து வேரில் கொஞ்சம் வெட்டிவிட்டு இதில் வை என்றார். கிளையில் கை வைக்காதே என்றார்.

"நல்ல மண்ணு போடு. நான் வரும்போது மரம் இருக்கணும்" என்றாராம். பிறகு சிரித்தாராம். "மரம் இல்லே, நீயும் இல்லே."

வந்து சொன்னபோது இவரும் சிரித்தார். துரை விளையாட்டுக்குச் சொன்னது என்றார். எனக்கு அந்த விளையாட்டு பிடிக்கவில்லை. துரைமார் விளையாட்டுக்குச் சொன்னதைக் கங்காணிமார் நிஜமாகவே செய்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நல்ல மண் என்றால் என்ன? இவர் கேட்டார், நான் யோசிக்கவே இல்லை. புற்றுமண்தான். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் பெரிய புற்று ஒன்று உண்டு. திருவிழாவுக்கு முளைப்பாரி போட அதிலிருந்துதான் மண் எடுப்போம். நாலே நாளில் பயிர் பச்சையாகக் கிளம்பும். கல் கிடையாது, குப்பை கிடையாது, மாவு சலித்த மாதிரி இருக்கும். அதைவிட நல்ல மண் இந்த மலையில் எங்கே இருக்கிறது? வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு, புற்றுக்குப் பால் ஊற்றி, முட்டை வைத்துக் கும்பிட்டு, புதுக் கூடையில் மண் எடுத்துவந்தேன். இவர் வேரைக் கழுவி, தேயிலைக் கிளை கழிக்கிற கவ்வாத்துக் கத்தியால் நுனிகளை வெட்டி, நீலச் சட்டியில் மரத்தை வைத்து, அந்த மண்ணைப் போட்டு விரலால் இறுக்கினார். தண்ணீர் ஊற்றியதும் மண் வழவழவென்று மூடிக்கொண்டது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. துரை அதற்கு மறுநாள் வண்டி ஏறினார்.

கச்சான் காற்று வந்தது. ஊவாப் பக்கம் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற மலைகளில் மழை கொட்டுகிற மாதங்களில் எங்களுக்கு அந்தக் காற்று உதட்டைப் பிளக்கும், உலர்த்திய துணியை அடுத்த லயத்துக்குக் கொண்டுபோகும். தேயிலையே முகம் சுருங்கி நிற்கும். ஆனால் சட்டியில் ஈரம் காயவில்லை. காலையில் ஊற்றின தண்ணீர் மதியத்திலும் மண்ணின்மேல் நின்றது. "பாத்தியா, ஆத்தா மண்ணு. காத்து என்ன செஞ்சாலும் ஈரம் போகலே" என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

பிறகு ஓர் இலை பழுத்தது. பழுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பச்சையில் இருந்த மினுக்கம் போய் ஒரு சாம்பல் பூத்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற வழியில் பங்களா வேலி ஓரமாக நின்று தினமும் பார்ப்பேன். இன்று நேற்றைவிட மோசமா, அல்லது வெளிச்சம்தான் அப்படியா என்று தெரியாது. அந்தச் சாதி மரத்தில் இதுதான் கொடுமை. செத்தால் செத்தேன் என்று சொல்லாது. வெட்டிப்போட்டாலும் வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்குமாம், துரையே முன்பு சொல்லியிருக்கிறார். அதனால் பச்சையாக இருந்தாலும் பயம், பழுத்தாலும் பயம்.

கவ்வாத்து வெட்டின தேயிலைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் பட்டையைச் சுரண்டுவோம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நானும் வராந்தாவில் ஏறி ஒரு சின்னக் கிளையைச் சுரண்டினேன். பச்சை. மறுநாளும் மனசு கேட்கவில்லை, வேறு கிளையைச் சுரண்டினேன். மூன்றாம் நாள் இவர் பார்த்துவிட்டார்.

"ஏ புள்ள, அது தானா சாகலேன்னாலும் நீ சொரண்டியே கொன்னுருவ."

"உயிரு இருக்கான்னு பாக்க வேணாமா?"

"உன்னையக் கிள்ளிக் கிள்ளிப் பாத்தா நீ இருப்பியா?"

அவருக்கும் பயம்தான். அவர் பயந்தால் கேலி பேசுவார், நான் பயந்தால் சண்டை போடுவேன். கண் பட்டிருக்கும் என்று நினைத்து, உப்பும் மிளகாயும் எடுத்துப்போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து மரத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி கமறவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது உறுதி என்பார்கள். யார் கண் என்று நான் யாரையும் கேட்கத் தேவையில்லை.

அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் இரண்டு நாளுக்கு ஒரு தரம் பங்களாப் பக்கம் வந்துபோனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைக் குனிந்து பார்ப்பார்.

"என்னப்பா, தொரை புள்ளைக்குக் காய்ச்சலா?"

"ஒண்ணுமில்லைங்க கங்காணி ஐயா. காத்துக்கு வாடியிருக்கு."

"பாத்துக்க. எம் மச்சான் பூச்செடி வளக்குறதுல கெட்டிக்காரன். வேணும்னா வந்து பாக்கச் சொல்றேன்."

அவன் எங்கள் லயத்து வாசலில் இருந்த துளசியைக்கூட ஒரு முறை மிதித்துவிட்டுப் போனவன். பல்லைக் கடித்து நின்றதில் தாடை வலித்தது.

விஷயம் எனக்குப் புரிந்தது மரத்தடியில் அல்ல, என் அடுப்படியில். அடுப்பு வெடித்துப்போயிருந்தது. மரத்துக்கு எடுத்ததில் மிச்சமிருந்த புற்றுமண்ணைச் சாணியோடு பிசைந்து புது அடுப்பு போட்டேன். அடுப்புப் போட அதற்கு நிகரான மண் இல்லை, காய்ந்தால் கல். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, கஞ்சி பொங்கி அடுப்பு மேடையில் வழிந்தது. துடைக்கத் துணி எடுத்துத் திரும்பினால் கஞ்சித் தண்ணீர் அப்படியே நின்றது. கீழே இறங்கவில்லை, ஒரு சொட்டுகூட. நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். காலையில் ஊற்றினால் மதியத்திலும் நிற்கிற தண்ணீர். நாங்கள் மரத்தைச் சட்டியில் நடவில்லை. அடுப்புக்குள் வைத்துப் பூசியிருக்கிறோம்.

முளைப்பாரிக்கு அது நல்ல மண்தான். முளைப்பாரி பத்து நாளில் ஆற்றோடு போய்விடும். அதன் வேர் மூச்சு விட்டதா என்று யார் பார்த்தார்கள்?

தொட்டில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் விட்டுவிட்டுப் பங்களாவுக்கு ஓடினேன். சொன்னதும் இவர் முகம் மாறியது. மரத்துக்காக என்று நினைத்தேன். அதற்காக அல்ல.

"ஆத்தா மண்ண வெட்டி வெளிய கொட்டச் சொல்றியா? பால் ஊத்திக் கேட்டு எடுத்த மண்ணு."

"மரம் மூச்சு முட்டிச் சாகுதுங்க."

"வயித்துல புள்ள இருக்கு. யோசிச்சுப் பேசு."

அதைச் சொன்னதும் நான் கையை வயிற்றில் வைத்துக்கொண்டேன். புற்றுக்காரி சும்மா விடமாட்டாள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் துரை, நடுவில் இந்தச் சட்டி. இரண்டு நாள் இதே பேச்சாக இருந்தோம். அந்த இரண்டு நாளில் கீழ்க்கிளை ஒன்று முழுக்கச் சாம்பலாகிவிட்டது. கடைசியில் நான்தான் சொன்னேன், கொட்ட வேண்டாம், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று. அதற்கு இவர் ஒப்புக்கொண்டார்.

சட்டியைக் கவிழ்த்தபோது மண் செங்கல்லாக வந்தது, சட்டியின் உருவம் அப்படியே. வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஈர்க்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தோம். சாக்கடை நாற்றம் வந்தது. வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் கழன்று கையோடு வந்தன. நான் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். இவர்தான் விடாமல் கழுவினார். ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பிடி அளவுக்கு, வேர் இன்னும் வெளுப்பாக இருந்தது. அதை விரலால் தொடாமல் எனக்குக் காட்டினார்.

அழுகினதையெல்லாம் வெட்டினார். இந்தத் தடவை மண்ணை நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர் நிற்கக்கூடாது, அது ஒன்றுதான் கணக்கு. ஓடையிலிருந்து பரு மணல், இடித்த அடுப்புக்கரி, உடைந்த பூச்சட்டி ஓட்டுத் தூள், சவுக்கு மரத்தடியில் மக்கின சருகு. எல்லாவற்றையும் முறத்தில் புடைத்துத் தூசியை நீக்கினேன். ஊற்றின தண்ணீர் உடனே அடித்துளையில் ஓடியது. காற்றில் ஆடினால் வேர் பிடிக்காது என்று மரத்தைச் சட்டியோடு தேங்காய்த் தும்புக் கயிற்றால் கட்டினார். வராந்தாவிலிருந்து எடுத்து, காற்று படாத குளியலறைச் சுவரோரம் வைத்து, தேயிலை நாற்றுக்கு நிழல் கொடுக்கிற மாதிரி சுற்றிக் காட்டுப் பன்னத்தழை குத்தினோம்.

ஒரு சண்டை மட்டும் மிச்சம் இருந்தது. வேர் இத்தனை போனால் கிளையிலும் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றேன். கவ்வாத்து மலையில் நான் பார்க்காததா? இவர் கேட்கவில்லை. துரை கிளையில் கை வைக்காதே என்றார், வைக்கமாட்டேன் என்றார். சாம்பலான அந்தக் கீழ்க்கிளையைக்கூட வெட்டவிடவில்லை.

புற்றுமண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் பின்னால் போனேன். பால் ஊற்றினேன். "ஆத்தா, உன் மண்ணுல குத்தமில்லை. எங்க சட்டிதான் சின்னது. எம் புள்ளைகள ஒண்ணும் செஞ்சிராதே" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் யாருக்குப் பயந்தேன் என்றே தெரியாத அளவுக்குப் பயந்திருந்தேன்.

அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மண்ணில் அதிகம் ஊற்றக்கூடாது, இலை மட்டும் காயாமல் இருக்க வேண்டும். வண்ணார் பெட்டி போடும்போது துணிமேல் வாயால் தண்ணீர் ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு வாய் தண்ணீர் எடுத்து இலைமேல் புகையாக ஊதினேன். இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தொரை மரத்துக்கு எச்சித் தண்ணியா?"

"ஆத்தா மண்ணப் போட்டுப் பாத்தீங்க. எச்சியையும் பாருங்க."

தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் தினமும் போகும்போதும் வரும்போதும் ஊதினேன். ஆவணி போனது, புரட்டாசி போனது. கீழ்க்கிளை எலும்பு மாதிரி வெளுத்துவிட்டது. மற்ற கிளைகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கங்காணி ஒருநாள் தழையை விலக்கிப் பார்த்துவிட்டு, இவர் காலையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் கேலி பேசாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. மூன்றாம் மழைக்குப் பிறகு உச்சிக் கிளையின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிர்ப் பச்சை. பாசியா என்று தொட்டுப் பார்க்கவும் பயந்தேன். இவரைக் கூப்பிட்டேன். முழங்காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு வெளியிடத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

துரை திரும்பி வந்தார். மாலையும் எலுமிச்சம்பழமும் கொடுத்து வரவேற்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தைக் காட்டச் சொன்னார். நான் வேலி ஓரம் நின்றேன். துரை மரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். செத்த கிளையில் விரலை வைத்தபோது நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சிரித்தார். ஜப்பானில் இப்படி ஒரு கிளையை வேண்டுமென்றே சாக விடுவார்களாம், அதுதான் அழகாம். என்ன நடந்தது என்று கேட்டார். இவர் புற்றுமண்ணிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், என் எச்சிலைத் தவிர.

"ரொம்ப நல்ல கை" என்றார் துரை. "மேல் மலையிலே புதுக் காடு வெட்றோம். அங்கே நாத்துப் பாத்தி போடணும். நாளையிலேருந்து நீ அங்கே போ. பெரிய வேலை."

இவர் தலை குனிந்து, "சரிங்க தொரை" என்றார்.

மேல் மலை என்றால் ஆடு ஏறத் தயங்குகிற இடம். மரம் செத்திருந்தாலும் மலைக்குத்தான் அனுப்பியிருப்பார்கள், பிழைத்ததற்கும் மலைக்குத்தான் அனுப்புகிறார்கள். எங்கள் பெண்கள் துரை முகம் பார்த்துப் பேசுவதில்லை. நான் எப்படி வேலியைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது.

"தொரைங்களே, இவருக்குக் கால் முறிஞ்சு கோணலாக் கூடினதுங்க. மலை ஏறினா எறங்க முடியாதுங்க. நீங்க பாக்கக்கூடாதுன்னு நின்ன எடத்துலயே நிப்பாரு. ஒரு சட்டி மாத்தினதுக்கு இந்த மரம் பட்ட பாட்ட நாங்க பாத்தோமுங்க. இவரையும் பிடுங்கி வேற எடத்துல வெக்காதீங்க."

துரை என்னைப் பார்க்கவில்லை. இவர் காலைப் பார்த்தார், முதல் முறையாக.

"நட" என்றார்.

இவர் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு புல்தரையின் குறுக்கே வராந்தா வரைக்கும் நடந்தார். மறைக்காமல், நொண்டி நொண்டி. மரம் ஒவ்வோர் அடிக்கும் சாய்ந்து நிமிர்ந்தது. துரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் ஒளித்த காலை நான் ஒரு வாயால் அம்பலமாக்கிவிட்டேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இவர் திட்டவில்லை.

மறுநாள் இருட்டு விலகும் முன்னே தப்பு மேளம் அடித்தது. வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நின்றோம். கங்காணியின் மச்சான் வெளுத்த வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தான். பங்களா வேலைக்குத் தயாராக வந்த கோலம். துரை குதிரையில் வந்து நின்றார். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேலை சொன்னார். கவ்வாத்து, வாய்க்கால் கானு வெட்டு, கொழுந்து. என் கணவர் பெயர் வந்ததும் கணக்கப்பிள்ளை துரையின் முகத்தைப் பார்த்தார்.

"பங்களா" என்றார் துரை.

அடுத்த பெயர் வந்தது. மேல் மலை நாற்றுப் பாத்திக்கு ஒரு ஆள் வேண்டும் என்றதும், பூச்செடியில் கெட்டிக்காரன் என்று கங்காணியே பலமுறை சொன்ன அந்த மச்சானை அனுப்பினார்கள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினதை நான் முழுக்கப் பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போகும் வழியில், வழக்கம்போலப் பங்களா வேலி ஓரம் நின்றேன். இவர் எனக்குப் பக்கவாட்டில் மரத்தின்முன் நின்றிருந்தார். கன்னம் உப்பியிருந்தது. சுற்றுமுற்றும் ஒரு முறை பார்த்துவிட்டு, வாயில் இருந்த தண்ணீரை மரத்தின்மேல் மெதுவாக ஊதினார்.